மெஸ்ஸியின் 10-க்கு இல்லாத ஓய்வு ஜோட்டாவின் 20-க்கு எப்படிக் கிடைத்தது? கால்பந்து கிளப்புகள் தங்கள் நாயகர்களை நினைவில் வைக்கும் விதிகளும் சிக்கல்களும்

2025 ஜூலை 11 அன்று லிவர்பூல் கிளப், 20 என்ற ஜெர்சி எண்ணுக்கு நிரந்தர ஓய்வு அறிவித்தது. எட்டு நாள் முன்பு ஸ்பெயினில் கார் விபத்தில் இறந்த டியோகோ ஜோட்டாவின் எண் அது. ஆண்கள் அணி, பெண்கள் அணி, இளையோர் அணிகள் என எங்கும் இனி யாரும் அதை அணியப் போவதில்லை. அந்தக் கிளப்பின் வரலாற்றில் ஓர் எண்ணுக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது அதுவே முதல்முறை. ஜூலை 16 அன்று பார்சிலோனா, மெஸ்ஸி அணிந்த 10-ஐ இளம் வீரர் லமீன் யமாலுக்குக் கொடுத்தது.

இரண்டு செய்தியையும் அடுத்தடுத்துப் படித்த பலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ஐந்து பருவம் ஆடியவரின் எண்ணுக்கு ஓய்வு உண்டு, 672 கோல் அடித்தவரின் எண்ணுக்கு இல்லை, இது என்ன நியாயம்? நியாயத்தை இங்கே தேடிப் பயனில்லை. பார்சிலோனா விரும்பினாலும் உள்நாட்டு லீகில் அதைச் செய்ய முடியாது. தங்கள் பிள்ளைப் பருவ நாயகனை எப்படிக் கொண்டாடுவது என்பதை ரசிகர்களின் பாசம் மட்டும் முடிவு செய்வதில்லை. லீக் விதி, வரிச் சட்டம், நிலத்தின் உரிமையாளர், வார்ப்புப் பட்டறை, இவை எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

எண் முதலில் யாருக்குச் சொந்தமாக இருந்தது?

இங்கிலாந்து லீகில் ஜெர்சியில் எண்ணோடு அணிகள் இறங்கியது 1928 ஆகஸ்ட் 25 அன்று. ஆர்செனலும் செல்சியும் அன்று முயன்று பார்த்தன. 1939-இல்தான் லீக் அதைக் கட்டாயமாக்கியது. அந்த எண்கள் ஆளுக்கு உரியவை அல்ல, இடத்துக்கு உரியவை. கோல்கீப்பர் 1, வலது ஓரத் தாக்குதல் வீரர் 7, நடு முன்கள வீரர் 9. ஒருவருக்குக் காயம் என்றால், அவருக்குப் பதில் இறங்குபவர் அவருடைய எண்ணையே மாட்டிக்கொண்டு ஆடுவார்.

ஒரு பருவம் முழுக்க ஒரே வீரருக்கு ஒரே எண், முதுகில் அவர் பெயர் என்ற முறை பிரீமியர் லீகுக்கு 1993-94 பருவத்தில் வந்தது. இத்தாலியும் ஸ்பெயினும் 1995-96-இல் பின்தொடர்ந்தன. ஆகவே 'மான்செஸ்டர் யுனைடெட்டின் 7, ஜார்ஜ் பெஸ்டின் எண்' என்பது பாதிதான் உண்மை. அவர் பல ஆட்டங்களில் 11 அணிந்தும் ஆடியிருக்கிறார். பழைய காலத்து வீரரின் எண்ணுக்கு ஓய்வு கொடுப்பது, பின்னாளில் வந்த வழக்கத்தை முன்னாளுக்குப் பொருத்திப் பார்ப்பதுதான். 1958 முதல் 1974 வரை வெஸ்ட் ஹாமில் ஆடிய பாபி மூரின் 6-க்கு அந்தக் கிளப் ஓய்வு கொடுத்தது 2008-இல்.

எங்கே முடியும், எங்கே முடியாது

1. ஸ்பெயின்: முதல் அணியில் பதிவாகும் வீரர்கள் 1 முதல் 25 வரையிலான எண்களைத்தான் அணிய வேண்டும். அதற்கு மேற்பட்ட எண்கள் இளையோர் அணியிலிருந்து வந்து ஆடுபவர்களுக்கு. 25 எண், 25 இடம். ஒன்றைப் பூட்டி வைத்தால் ஒரு வீரரைப் பதிவு செய்யும் இடமே போய்விடும். மெஸ்ஸி 2021 ஆகஸ்டில் வெளியேறிய சில வாரங்களில் 10 அன்சு ஃபாத்தியின் முதுகுக்குப் போனதற்கும், பிறகு யமாலிடம் வந்ததற்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

2. இங்கிலாந்து: பிரீமியர் லீகிலும் 25 பேர் பட்டியல் உண்டு. ஆனால் அது ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பே தவிர எண்களுக்கு அல்ல. ட்ரெண்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் லிவர்பூலில் 66 அணிந்தே ஆடினார். 20-ஐ எடுத்துவிட்டால் லிவர்பூலுக்கு இழப்பு ஏதுமில்லை. இதே சுதந்திரத்தில்தான் 2003-இல் களத்தில் சரிந்து இறந்த மார்க்-விவியன் ஃபோவின் 23-க்கு மான்செஸ்டர் சிட்டி ஓய்வு கொடுத்தது.

3. இத்தாலி: சீரி ஏ-வில் 99 வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் ஓய்வு பெற்ற எண்கள் அங்கே ஏராளம். மிலானில் பரேசியின் 6, மால்டினியின் 3; இன்டரில் ஃபக்கெட்டியின் 3, சனெட்டியின் 4; நபோலியில் மரடோனாவின் 10. ஆனால் கீழ்நிலை லீகில் அன்று விதி வேறு. 2004-இல் திவாலாகி மூன்றாம் நிலைக்கு விழுந்த நபோலி, அங்கே ஆட்டத்தைத் தொடங்கும் பதினொருவர் 1 முதல் 11 வரை அணிந்தே ஆக வேண்டும் என்பதால், மரடோனாவின் 10-ஐத் திரும்ப வெளியே எடுத்தது. 2006-இல் மேலே ஏறிய பிறகே அது மீண்டும் உள்ளே போனது.

4. உலகக் கோப்பை: வரிசையில் ஓர் எண் கூட விடுபடக் கூடாது. 2002-இல் அர்ஜென்டினா, மரடோனாவுக்காக 10-ஐ விட்டுவிட்டு 24 வரை எண்ணிட்ட பட்டியலைக் கொடுத்தது. ஃபிஃபா ஏற்கவில்லை. ஏரியல் ஒர்த்தேகா 10 அணிந்து ஆடினார்.

பாயர்ன் மியூனிக் போன்ற கிளப்புகள் 12-ஐ ரசிகர்களுக்கு என ஒதுக்கி வைத்திருப்பதும் விதி இடம் கொடுப்பதால்தான்.

ஓய்விலிருந்து திரும்பிய எண்கள்

எண் ஓய்வு என்பது லீகிடம் பதிவு செய்யும் உரிமை அல்ல. கிளப் தானே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு. நிர்வாகம் மாறினால் அதுவும் மாறலாம். 2003-இல் அல்டாயருக்காக ரோமா ஓய்வு கொடுத்த 6, பத்து ஆண்டு கழித்து கெவின் ஸ்ட்ரோட்மனின் முதுகில் வந்தது. செல்சியில் ஜியான்ஃப்ராங்கோ ஸோலாவின் 25-க்கு முறையான அறிவிப்பே கிடையாது. இருபது ஆண்டு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். 2023-இல் மொய்செஸ் கைசேடோ அதை எடுத்துக்கொண்டார். ரோமாவின் நாயகன் பிரான்செஸ்கோ டோட்டியின் 10-ம் 2017 முதல் அங்கே இப்படிச் சொல்லாமல் சும்மா வைக்கப்பட்ட எண்தான்.

மால்டினியின் 3-க்கு ஒரு விதிவிலக்கு உண்டு: அவருடைய மகன்கள் முதல் அணிக்கு வந்தால் அணியலாம். மகன் டேனியல் மிலான் முதல் அணிக்கு வந்தார். ஆனால் அவர் அணிந்தது 27.

அவசரமும் ஒரு சிக்கல். 2020-இல் பர்மிங்ஹாம் சிட்டி, ஒரே ஒரு பருவம் முதல் அணியில் ஆடிவிட்டு டார்ட்மண்டுக்குப் போன 17 வயது ஜூட் பெல்லிங்ஹாமின் 22-க்கு ஓய்வு கொடுத்தபோது பலர் சிரித்தார்கள். அவர் பின்னாளில் எட்டிய உயரத்தைப் பார்த்தால் சிரிப்பு அடங்கியிருக்கும். ஆனாலும் அந்தக் கிளப்புக்கு அவர் ஆடியது 44 ஆட்டம். அந்த எண் அவர் அங்கே செய்ததைவிட அங்கிருந்து போனதைத்தான் அதிகம் நினைவூட்டும் என்பது என் கணிப்பு.

சிறு வயதில் பார்த்தவர் ஏன் மனதை விட்டுப் போவதில்லை

மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது, பத்து வயது முதல் இருபதுகள் வரையிலான காலத்து நினைவுகள் மற்ற வயதுகளைவிடக் கூடுதலாக வரும். நினைவாற்றல் ஆய்வில் இதற்கு 'நினைவுமேடு' என்று சொல்லத்தக்க ஒரு கலைச்சொல்லும் உண்டு. 2012-இல் ஜான்சன், ரூபின், கான்வே ஆகிய ஆய்வாளர்கள் இதைக் கால்பந்தில் சோதித்தார்கள். 619 டச்சுக்காரர்களிடம் 'எல்லாக் காலத்திலும் சிறந்த ஐந்து வீரர்கள் யார்' என்று கேட்டார்கள். க்ரைஃப், பெலே, மரடோனா ஆகியோரே அதிகம் சொல்லப்பட்டவர்கள். சுவையான செய்தி வேறு: ஒருவர் தேர்ந்தெடுத்த வீரரின் ஆட்ட வாழ்வு பாதியை எட்டிய சமயத்தில், தேர்ந்தெடுத்தவருக்கு என்ன வயது? அதிகம் கிடைத்த விடை 17.

எனவே 'அந்தக் காலத்து ஆட்டம் போல வருமா' என்று ஐம்பது வயதுக்காரரும் முப்பது வயதுக்காரரும் சண்டை போடும்போது, இருவரும் ஆட்டத்தை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு தங்கள் பதின்வயதுகளை ஒப்பிடுகிறார்கள்.

பழைய தலைமுறைக்கு இன்னொன்றும் சேர்கிறது. இங்கிலாந்தில் 1960-இல் நடந்த ஒரு முயற்சியைத் தவிர, லீக் ஆட்டங்கள் தொலைக்காட்சியில் நேரலையாக வரத் தொடங்கியது 1983-இல்தான். பிபிசியின் 'மேட்ச் ஆஃப் தி டே' என்ற சுருக்கக் காட்சி நிகழ்ச்சியே 1964 ஆகஸ்டில்தான் ஆரம்பித்தது. 1950-களில் சிறுவனாக இருந்தவர் தன் நாயகனை மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து, பெரியவர்களின் தோள்களுக்கு இடையில், மாதம் இரண்டு முறை பார்த்தார். திரும்பப் போட்டுப் பார்க்க வழியில்லை. சரிபார்க்க முடியாத நினைவு ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் வளரும். முப்பது அடியிலிருந்து அடித்த கோல் முப்பது கெஜம் ஆவது இப்படித்தான்.

சிலைக்கு ஏன் நாற்பது ஆண்டு ஆகிறது

நினைவுமேடு தனி மனிதர் விஷயம். அது கிளப்பின் முடிவாக மாற வேண்டுமானால், அந்தச் சிறுவர்கள் வளர்ந்து பணமும் பதவியும் பெற வேண்டும். சிலைகளின் ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் இந்தக் கணக்கு தெரியும்.

டாம் ஃபின்னி பிரெஸ்டன் கிளப்பில் ஓய்வு பெற்றது 1960. மைதானத்துக்கு வெளியே அவர் தண்ணீரைச் சீறவிட்டுக்கொண்டு சறுக்கும் சிலை 2004. ஜானி ஹெய்ன்ஸ் ஃபுல்ஹாமை விட்டது 1970, சிலை 2008. மான்செஸ்டர் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பை வென்றது 1968. பெஸ்ட், லா, சார்ல்டன் மூவரும் நிற்கும் சிலை 2008 மே 29, சரியாக நாற்பதாம் ஆண்டு நிறைவு நாளில். அந்த இறுதியாட்டத்தைப் பத்து வயதில் பார்த்தவருக்கு அன்று ஐம்பது. (டெனிஸ் லா அந்த இறுதியாட்டத்தில் ஆடவே இல்லை, காயத்தால் மருத்துவமனையில் இருந்தார். சிலையில் அவரை விட யாருக்கும் மனம் வந்திருக்காது.) 1927-28-இல் ஒரே லீக் பருவத்தில் 60 கோல் அடித்த டிக்ஸி டீனுக்கு எவர்டன் மைதானத்துக்கு வெளியே சிலை எழுந்தது 2001-இல். அவருடைய ஆட்டத்தைச் சிறுவர்களாகப் பார்த்தவர்களில் மிகச் சிலரே அதற்குள் மிஞ்சியிருப்பார்கள்.

இப்போது இடைவெளி சுருங்கிவிட்டது. தியரி ஆன்றிக்கு ஆர்செனல் 2011 டிசம்பரில் சிலை வைத்தபோது அவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே கடன் வீரராக (வேறு கிளப்பிலிருந்து சில காலத்துக்கு மட்டும்) திரும்பி வந்து, தன் சிலை நிற்கும் மைதானத்துக்குள் லீட்ஸுக்கு எதிராகக் கோல் அடித்தார். அது அழகாக முடிந்தது. எப்போதும் அப்படி முடியாது என்பதற்கு ஸ்வீடனின் மால்மோ நகரம் சாட்சி. மால்மோ கிளப்பில் ஆட்டத்தைத் தொடங்கிய ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சின் சிலை 2019 அக்டோபரில் அங்கே திறக்கப்பட்டது. நவம்பரில் அவர் எதிரணியான ஹம்மர்பியின் பங்குகளை வாங்கினார். கோபமடைந்த மால்மோ ரசிகர்கள் சிலையின் மூக்கை அறுத்தார்கள். 2020 ஜனவரியில் சிலையையே சாய்த்தார்கள். சிலையைச் செய்வித்தது மால்மோ கிளப் அல்ல, ஸ்வீடன் கால்பந்துச் சங்கம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெண்கலத்தில் எங்கே தவறுகிறது

ரசிகர் குழுக்களே நிதி திரட்டிச் சிலை வைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் உண்டு. வேலை இந்த வரிசையில் நடக்கும்.

1. இடம். மைதானத்தைச் சுற்றியுள்ள நிலம் கிளப்புடையதா, நகராட்சியுடையதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கட்டட அனுமதியும், நெரிசல் நேரத்தில் கூட்டம் நகரும் வழியை மறிக்கவில்லை என்ற உறுதியும் தேவை. நபோலி மைதானத்துக்கு 2020 டிசம்பரில் மரடோனா பெயர் வைத்தது கிளப் அல்ல, நகராட்சி, மைதானம் அதனுடையது.

2. மாதிரி. சிறிய அளவில் களிமண் உருவம் செய்து ஒப்புதல் வாங்குவார்கள். குடும்பத்தினரும் உடன் ஆடியவர்களும் பார்க்க வேண்டிய கட்டம் இது. இதைத் தாண்டிவிட்டால் திருத்தம் ஒவ்வொன்றும் செலவு.

3. முழு உருவம். உள்ளே இரும்புச் சட்டம், மேலே களிமண். அதிலிருந்து ரப்பர் அச்சு, அச்சில் மெழுகு உருவம், மெழுகின் மேல் பீங்கான் ஓடு. சூட்டில் மெழுகு உருகி ஓடிவிடும். காலியான ஓட்டுக்குள் ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். துண்டு துண்டாக வார்த்து, பற்றவைத்து, தழும்பைத் தேய்த்து, ரசாயனத்தால் நிறம் ஏற்றுவார்கள்.

முகம் ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் புகைப்படமே காரணம். 22 வயதுப் படமும் 34 வயதுப் படமும் கலந்தால் இரண்டுமல்லாத ஒருவர் வந்து நிற்பார். விகிதம் தவறுவதற்குக் காரணம் பீடம். கண் மட்டத்தில் சரியாகத் தெரியும் உருவம் உயரத்தில் ஏறியதும் கீழிருந்து பார்ப்பவருக்குக் கால் நீண்டும் தலை சிறுத்தும் தெரியும். அதற்கு ஈடுசெய்யப் போய் அளவு மீறினால் வேறு கோளாறு. 2007 மார்ச்சில் சவுத்தாம்ப்டன் திறந்த டெட் பேட்ஸ் சிலையின் குட்டைக் கால்களைப் பார்த்து ரசிகர்கள் கொதித்தார்கள். ஒரு வாரத்துக்குள் அது அகற்றப்பட்டது. அடுத்த ஆண்டு புதிய சிலை வந்தது.

விசுவாசத்துக்குப் பின்னால் இருந்த ஒப்பந்தம்

பிள்ளைப் பருவ நாயகர்களைப் பற்றிப் பேசும்போது தவறாமல் வரும் வாக்கியம்: 'அவர் கடைசி வரை நம் கிளப்பை விட்டுப் போகவில்லை.' பழைய இங்கிலாந்து வீரர்களைப் பொறுத்தவரை இதில் ஒரு பகுதி பாசம், இன்னொரு பகுதி சட்டம்.

1961 ஜனவரி வரை அங்கே சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. நீக்கப்பட்ட சமயத்தில் அது பருவ காலத்தில் வாரம் 20 பவுண்டு. அது நீங்கியதும் ஹெய்ன்ஸின் சம்பளம் வாரம் 100 பவுண்டு ஆனது. அதோடு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரின் பதிவைக் கிளப் தன்னிடமே வைத்துக்கொள்ள முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தால் சம்பளமும் இல்லை, வேறு லீக் கிளப்பில் ஆடவும் முடியாது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நியூகாஸிலுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1963-இல் நீதிமன்றம் இந்த நடைமுறையை நியாயமற்ற தொழில் தடை என்றது. ஒப்பந்தம் முடிந்தவர், புதிய கிளப் பழைய கிளப்புக்குப் பணம் ஏதும் கட்டாமலேயே விலகும் உரிமை, 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்பில்தான் கிடைத்தது.

1952-இல் டாம் ஃபின்னியை இத்தாலியின் பலெர்மோ அழைத்தது: கையெழுத்துக்கு 10,000 பவுண்டு, மாதம் 130 பவுண்டு, மாளிகை, கார். பிரெஸ்டன் மறுத்துவிட்டது. அவர் அங்கேயே ஆடி, அங்கேயே ஓய்வு பெற்று, அங்கேயே சிலையானார். அவர் மனதில் என்ன இருந்திருந்தாலும், முடிவு அவர் கையில் இல்லை. இதைப் பார்க்கும்போது, போகும் உரிமை முழுதாக இருந்தும் 2017 வரை ரோமாவிலேயே இருந்த டோட்டியின் கணக்கு வேறு. அத்லெட்டிக் பில்பாவோ 2015 முதல் பிற கிளப்புகளின் இத்தகைய வீரர்களுக்கு ஒரே கிளப் விருது தருகிறது. முதலில் பெற்றவர் சவுத்தாம்ப்டனின் மேட் லி டிசியே, அடுத்த ஆண்டு மால்டினி.

குறைந்த சம்பளத்துக்கு ஈடாக வந்ததுதான் டெஸ்டிமோனியல் ஆட்டம். சுமார் பத்து ஆண்டு ஆடியவருக்காக நட்பு ஆட்டம் ஒன்று நடத்தி, நுழைவுக் கட்டணத்தை அவரிடமே கொடுப்பார்கள். கென்ட் கிரிக்கெட் வீரர் ஜேம்ஸ் சீமோர் தொடர்பான வழக்கில் 1927-இல் பிரபுக்கள் சபை (அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்), இத்தகைய பணம் சம்பளமல்ல, அன்பளிப்பு என்றதால் வரி இல்லை என்ற நிலை நீடித்தது. 2017 ஏப்ரல் 6 முதல் பிரிட்டனில் விதி மாறிவிட்டது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட டெஸ்டிமோனியல் என்றால் முழுத் தொகைக்கும் வரி. எழுதப்படாதது என்றால் வாழ்நாளில் ஒருமுறை 1,00,000 பவுண்டு வரை விலக்கு, மீதிக்கு வரி. கோடிகளில் சம்பாதிக்கும் வீரருக்கு ரசிகர் ஏன் டிக்கெட் வாங்க வேண்டும் என்ற சங்கடம் அதற்கு முன்பே இருந்தது. 2002-இல் சண்டர்லாண்டின் நியால் க்வின் தன் ஆட்டத்தில் சேர்ந்த முழுத் தொகையையும் குழந்தைகள் மருத்துவமனைகளுக்குக் கொடுத்த பிறகு, பணத்தைத் தானே வைத்துக்கொள்வது பெரிய வீரர்களுக்குக் கடினமாகிவிட்டது.

கோல் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

'என் நாயகன் இத்தனை கோல் அடித்தார்' என்ற எண்ணிக்கை மூலத்துக்கு மூலம் மாறும். இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் 2020 டிசம்பர். பார்சிலோனாவுக்காக மெஸ்ஸி 644-ஆவது கோலை அடித்து, ஒரே கிளப்புக்கு அதிகம் அடித்த பெலேயின் 643-ஐத் தாண்டினார் என்று செய்தி வந்தது. சாண்டோஸ் கிளப் ஏற்கவில்லை. பெலே அங்கே அடித்தது 1,091 என்றது. இரண்டு எண்ணும் சரி. நட்பு ஆட்டங்களில் வந்த 448 கோலைச் சேர்ப்பதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். அந்த நாளில் அந்த நட்பு ஆட்டங்கள் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளோடும் நடந்தன என்பது சாண்டோஸின் வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஓர் எண்ணிக்கையைப் பார்த்தால் கேட்க வேண்டியவை:

1. லீக் மட்டுமா, எல்லாப் போட்டிகளுமா? ஃபின்னியின் 187 என்பது லீக் கோல் மட்டும். பாபி சார்ல்டனின் 249 எல்லாப் போட்டிகளும் சேர்ந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

2. போர்க்கால ஆட்டங்கள் உண்டா? 1939-40 லீக் பருவம் மூன்றே ஆட்டங்களோடு நிறுத்தப்பட்டு, அந்த மூன்றும் அதிகாரப்பூர்வக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. 1946 வரை நடந்தவை தனிக் கணக்கு. இதனால்தான் ஃபின்னி 1940-லேயே பிரெஸ்டன் சட்டையில் ஆடியிருந்தும், லீக் பதிவேட்டில் அவர் தொடக்கம் 1946 என்று நிற்கிறது.

3. எதிரணி வீரரின் காலில் பட்டுத் திரும்பிய கோல் யார் பெயரில்? பழைய ஆட்டங்களில் இதைச் செய்தியாளர்களே முடிவு செய்தார்கள். இரண்டு நாளேடுகள் இரண்டு பெயரைப் போட்டிருக்கலாம். குறைந்தது இரு நாளேடுகளையும் கிளப்பின் ஆட்டப் பதிவையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

4. நினைவில் இருக்கும் எண்ணும் படத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா? 1993-க்கு முந்தைய இங்கிலாந்துப் படம் என்றால் முதுகிலுள்ள எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணக் கூடாது. அன்றைய ஆட்டத்தின் அணிப் பட்டியலைத் தேடி எடுத்த பிறகே பெயரை எழுத வேண்டும்.